லைட் தூக்குறவன் பேரும் போஸ்டர்ல வரணும்
(மாணவர் குறும்படக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



படம் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. கதையும் நம்ம தெருக் கதை. சந்தோஷம். ஆனா வேலையைப் பிரிக்கும்போதுதான் சாதி உள்ள நுழையும். ஒருத்தர் இயக்குநர், ஒருத்தர் கேமரா. சேரிப் பையனுக்கு மட்டும் லைட் தூக்குற வேலை, டீ வாங்குற வேலை. ஊரில் இருக்கிற பிரிவினையைக் குழுவுக்குள் வைத்துக்கொண்டு திரையில் விடுதலை பேசுவது என்ன நியாயம்? எல்லாரும் முன்கூட்டியே கேமரா பழகுங்க. வேலையை மாத்தி மாத்திச் செய்யுங்க. போஸ்டர்ல எல்லாப் பேரும் ஒரே அளவு எழுத்துல வரட்டும்.

பணம்? 1984இல் கேரளாவில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி ஜனங்களிடம் காசு திரட்டினார்கள். 1986இல் 'அம்ம அறியான்' வந்தது. வசூலே விளம்பரமாகவும் ஆனது. காசு கொடுத்தவர் படத்துக்குக் காத்திருப்பார் அல்லவா?

மலமள்ளும் தொழிலாளர் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது, போலீஸ் திரையிட விடாமல் தடுத்தது. யூடியூபில் ஏற்றித்தான் பரப்பினார்கள். அரங்கம் மறுக்கப்பட்டால் என்ன செய்வதென்று முதல் நாளே திட்டமிடுங்கள்.

போட்டிக்கு அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா முதல் காட்சி, படம் பிடிச்ச தெருவுல. வீடு வீடாப் போய்க் கூப்பிடுங்க. வெள்ளை வேட்டி கட்டினாப் போதும். பார்த்துட்டு, "இது எங்க கதை இல்லடா"ன்னு ஒரு கிழவி சொன்னா, மறுபடி எடிட்டிங்ல உட்காருங்க. அதுக்கப்புறம் ஊருக்குக் காட்டலாம்.