கணிப்பொறி வாங்கும் முறை: இன்றைக்குச் சிக்கனம், நாளைக்கு விருத்தி

(கூடுவாஞ்சேரியில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைப் பற்றிப் பேசாத கூட்டம் நமது சங்கத்தில் நடந்ததில்லை. பள்ளிச் சம்பளம், புத்தகம், உபகாரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் பலமுறை பேசியிருக்கின்றனர். இக்காலத்தில் புத்தகத்துக்கு அடுத்தபடி பிள்ளைகள் கேட்கும் பொருள் கணிப்பொறியாகும். அதை வாங்கும் விஷயத்தில் நம் குடும்பங்கள் வீண் செலவுக்கும் கடனுக்கும் ஆளாகி வருகின்றமையால், இன்று அதனையே நாம் விஷயமாக எடுத்துக்கொண்டோம்.

நடப்பது யாதெனில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை கல்லூரியில் சேருகின்றான், கணிப்பொறி வேண்டுமென்கின்றான். தகப்பனாருக்கு அதன் உறுப்புகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்காரர் காட்டியதை மாதத் தவணைக்கு வாங்குகின்றார். அல்லது தாயார் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகின்றது. இரண்டு வருஷம் சென்றபின் அப்பெட்டி புதிய வேலைகளுக்குப் போதவில்லையென்று பிள்ளை முறையிடுகின்றான். திறந்து பார்த்தால் அதில் எதையும் கூட்டவோ மாற்றவோ இடமில்லை. தவணை தீருமுன்னரே பொருள் பழையதாகிவிடுகின்றது. மூத்தவனுக்குச் செலவழித்த பணத்தால், அடுத்துப் படிக்கும் பெண்ணுக்கு ஒன்றுமில்லாமற் போவதும் உண்டு. இந்த நஷ்டம் தவிர்க்கக்கூடியது என்பதே நமது அபிப்பிராயம்.

நம்மூரில் வீடு கட்டுவோரின் வழக்கத்தை யாவரும் அறிவீர்கள். நந்திவரம் பக்கத்திலும் ஊரப்பாக்கம் பக்கத்திலும் கையில் உள்ள பணத்துக்குத் தரைத்தளம் மட்டும் கட்டி, தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டுவைக்கின்றனர். பின்னர் பணம் சேர்ந்தபோது மாடி எழும்புகின்றது. அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்தவனுக்கு மாடி கிடையாது. சுவர்ப்பூச்சில் மிச்சம் பிடித்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணிப்பொறிக்கும் இவ்விதியே பொருந்தும்.

இங்ஙனம் பகுதி பகுதியாக வளர்க்கும் வசதி எப்படி ஏற்பட்டது என்பதையும் சிறிது அறியவேண்டும். 1981-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதில் வேறு கம்பெனியாரின் அட்டைகளையும் சொருகிக்கொள்ள இடம் வைத்தனர். அதனால் பலரும் அதற்குப் பொருத்தமான பாகங்களைச் செய்து விற்கலாயினர். 1995-இல் இன்டெல் கம்பெனியார் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தனர். திருகாணித் துளையின் இடமும் மின்சார இணைப்பும் ஒரு நியதிக்குள் வந்தமையால், ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த கேபினெட்டில் பொருந்துகின்றது. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சித் தெருவில் பாகங்கள் தனித்தனியே விற்கப்படுவதும், கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி அங்கே சென்று நாமே தேர்ந்து வாங்குவதும் இதனால் சாத்தியமாயின.

மடிக்கணினியே போதாதா என்று சிலர் கேட்கலாம். விடுதியில் தங்கிப் படிப்போருக்கு அதுவே உகந்தது. தமிழ்நாடு அரசாங்கத்தார் 2011-ஆம் வருஷம் செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் லட்சக்கணக்கான மாணாக்கர் பயனடைந்தனர். ஆயினும், இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் அட்டையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. வீட்டிலிருந்து படிப்போருக்கும், ஒரே கருவியை மூன்று பிள்ளைகள் முறைவைத்து ஆளும் குடும்பங்களுக்கும், மேசைமேல் வைக்கும் கணிப்பொறியே சிக்கனமானது.

இனி, பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் தலையான விதி ஒன்றுண்டு: படிப்புக்குத் தேவையானதை இன்றே முழுமையாக வாங்குக, விளையாட்டுக்கும் ஆடம்பரத்துக்கும் ஆனதை ஒத்திவைக்குக, ஆனால் ஒத்திவைத்ததற்கு இடம் விட்டுவைக்குக.

முதலாவது, மதர்போர்டும் பிராசசரும். இவ்விரண்டும் சேருமிடத்துக்கு சாக்கெட் என்று பெயர். சாக்கெட்டின் ஆயுள் எத்தனையோ அத்தனையே விருத்திக்கு இடம். இதற்கு நல்ல திருஷ்டாந்தம் ஏ.எம்.டி. கம்பெனியாரின் ஏ.எம். 4 சாக்கெட்டாகும். 2017-இல் முதல் ரைசன் பிராசசரோடு மதர்போர்டு வாங்கியவர்களிற் பெரும்பாலோர், பயாஸ் என்னும் உள்மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு, 2020-லும் 2022-லும் வெளிவந்த பிராசசர்களை அதே மதர்போர்டில் பொருத்திக்கொள்ள முடிந்தது. இன்டெல் கம்பெனியாரின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டோ, 2021-இல் தோன்றி மூன்று தலைமுறைகளுக்கு உதவியபின், 2024 அக்டோபரில் வேறொரு சாக்கெட்டுக்கு இடங்கொடுத்தது. ஏ.எம். 5 என்பது 2022-இல் வந்தது. 2027-ஆம் வருஷமும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. கம்பெனியார் அறிவித்துள்ளனர். ஆகையால், முடிவுக்கு வந்த சாக்கெட்டு மலிவாகக் கிடைத்தால் அதை வாங்குவது குற்றமன்று. ஆனால் அதன்மேல் மாடி எழும்பாது என்று தெரிந்து வாங்கவேண்டும். விருத்தி வேண்டுவோர் ஆயுள் மிச்சமுள்ள சாக்கெட்டில் நடுத்தர மதர்போர்டும், அதில் சேரும் சிறிய பிராசசரும் கொள்வது நலம். பெரிய பிராசசரை மட்டமான மதர்போர்டில் ஏற்றுவது சிறிய தூணின்மேல் பெரிய உத்திரம் வைப்பதை ஒக்கும்.

இரண்டாவது, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சாரப் பெட்டி. நம்மவர் அதிகமாக ஏமாறுவது இதில்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டி பெரும்பாலும் அதன்மேல் எழுதியிருக்கும் வாட் அளவைத் தாங்காது. அது கெட்டால் தனியாகக் கெடுவதில்லை. மதர்போர்டையும் தகட்டையும் உடன் கொண்டுபோகக்கூடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத எளிய கணிப்பொறிக்கு 150 வாட்டுக்கு மேல் செல்வது அபூர்வம். ஆயினும் பின்னர் சேர்க்கக்கூடிய இடைத்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 115 முதல் 165 வாட் வரை கொள்ளும். ஆகவே, பெயர்பெற்ற கம்பெனியார் செய்த 550 வாட் பெட்டியை முதலிலேயே வாங்கிவிட்டால், பின்னர் அதை மாற்றவேண்டியிராது. 80 பிளஸ் என்னும் முத்திரை, உட்கொண்ட மின்சாரத்தில் நூற்றுக்கு 80 பங்காவது பயனாகின்றது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி; உறுதிக்கு அத்தாட்சியன்று. எத்தனை வருஷ உத்தரவாதம் தருகின்றார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். வீட்டு மின்சார இணைப்பில் எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பதும் இதனோடு சேர்ந்த கடமையாகும்.

மூன்றாவது, ரேம். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா, வெட்டுவாயே வேறு. ஏ.எம். 5 மதர்போர்டுகள் டி.டி.ஆர். 5 மட்டுமே ஏற்கும். இக்காலத்துப் படிப்புக்கு 16 ஜி.பி. இருப்பது நலம். இரண்டே இடமுள்ள மதர்போர்டில் 8 ஜி.பி. இரண்டைச் சொருகினால் இடம் நிறைந்துவிடும். பின்னர் கூட்டவேண்டுமானால் இரண்டையும் கழற்றவேண்டும். 16 ஜி.பி. ஒன்றைச் சொருகினால் ஓர் இடம் மிஞ்சும். ஒற்றை ரேமால் வேகம் சிறிது குறையும். அது விளையாட்டில் தெரியுமேயன்றி எழுத்து வேலையிலும் நிரல் எழுதுவதிலும் அவ்வளவு தெரியாது. நாளைக்கு விலை குறையும் என்று நம்பி இன்றைத் தேவையைக் குறைப்பதும் தவறு. 2025-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் ரேமைப் பெருவாரியாக வாங்கலுற்றமையால் அதன் விலை கடுமையாக ஏறிற்று. அவ்வருஷம் டிசம்பரில் மைக்ரான் கம்பெனியார், பொதுஜனங்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தனர். பொன்னைப்போல் இதுவும் ஏறியிறங்கும் பண்டமென்று கொள்ளவேண்டும்.

நான்காவது, சேமிப்புத் தகடு. பழைய சுழல் தகடு விநாடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550, என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. பல ஆயிரம். ஆகையால் சிறியதாயினும் எஸ்.எஸ்.டி.யே முதலில் வேண்டும். எம். 2 என்னும் இடம் இரண்டுள்ள மதர்போர்டாயின், ஒன்றைப் பின்னாளைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

ஐந்தாவது, கிராபிக்ஸ் கார்டு. இதுவே ஒத்திவைக்கத்தக்க பொருள். படம் காட்டும் சக்தியைத் தன்னுள்ளேயே கொண்ட பிராசசர்கள் இருக்கின்றன. படிப்புக்கு அவை போதும். ஆனால் பின்னர் கார்டு சேர்க்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2024-இல் வந்த ரைசன் 8500ஜி பிராசசர் கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு வழிகளை மட்டுமே விடுகின்றது. 8600ஜி எட்டு வழிகளை விடுகின்றது. கார்டின் இடமோ பதினாறு வழிக்கு ஆனது. வாசல் அகலமாயினும் நடை குறுகலானால் பயன் குறையுமன்றோ? இவற்றைக் கம்பெனியாரின் விவரப் பட்டியலில் பார்த்தறியலாம்.

கேபினெட்டில் கண்ணாடியும் வண்ணவிளக்கும் வேண்டா, காற்றோட்டமே வேண்டும். சித்திரை வைகாசி வெயிலிலும் நம்மூர்ப் புழுதியிலும் காற்றாடி அடைபட்டுப் பிராசசர் சூடேறுவதால், மாதமொருமுறை தூசி துடைக்கவேண்டும். பெட்டியைத் தரையில் வைக்கலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முதலிய இடங்களில் தரையிலிருந்த பொருள்கள் என்னவாயின என்பதை நாம் மறக்கவில்லை. திரையும் விசைப்பலகையும் இரண்டு மூன்று பெட்டிகளின் ஆயுளுக்கு உழைக்குமாதலால், கண்ணுக்கு இதமான திரைக்குச் சிறிது கூடக் கொடுப்பது வீணன்று.

பழைய கணிப்பொறி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு, இன்டெலாயின் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். அதற்கு முற்பட்டதை ஐ5, ஐ7 என்ற பெயருக்காக மட்டும் வாங்கி ஏமாறவேண்டா. உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டு ஆள மனமுள்ளோர்க்கு அதுவும் உதவும்.

கடைக்குச் செல்வோர் ஒரே கடையில் முடிவு செய்யாமல் மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை கேட்கவேண்டும். சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18. அதை மிச்சம் பிடிக்கப் பில் இல்லாமல் வாங்குவோர் உத்தரவாதத்தை இழக்கின்றனர். பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணும் பில்லிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே பார்க்கவேண்டும்.

இறுதியாக ஒரு யோசனையைச் சபையோர்முன் வைக்கின்றோம். விருத்தி செய்யும்போது கழற்றப்படும் பாகம் குப்பையன்று. ஒரு வீட்டில் வேண்டாத 8 ஜி.பி. ரேம் மற்றொரு வீட்டில் நின்றுபோன பெட்டியை எழுப்பும். ஒருவர் மாற்றிய பிராசசர் வேறொரு பெண்குழந்தையின் முதற் கணிப்பொறியாகும். பொருத்தத் தெரிந்த இளைஞர்கள் நம்மில் பலர் உளர். அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் சங்கத்துக்குக் கொடுப்பார்களானால், கழற்றிய பாகங்களைச் சேர்த்துச் சோதித்து, இல்லாதவர்க்குப் பெட்டியாக்கித் தரலாம். அதில் நம் சமூகத்துப் பிள்ளையென்றும் அண்டை வீட்டுப் பிள்ளையென்றும் பேதம் பாராட்டுதல் வேண்டா. வித்தைக்கு அப்பேதம் இல்லை. ஆண்பிள்ளை கழற்றிய மிச்சமே பெண்ணுக்கு என்னும் வழக்கமும் வேண்டா. வயதும் படிப்பும் நோக்கிப் புதியதை யாருக்கு வேண்டுமோ அவர்க்குக் கொடுக்கவேண்டும்.

கடன் வாங்காமல் தொடங்கி, அறிந்து வாங்கி, ஆண்டுதோறும் ஒன்றாகச் சேர்த்து, கழித்ததைப் பிறர்க்கு ஈந்து வாழும் குடும்பத்தில், பிள்ளையின் படிப்பும் நடக்கும். தாயாரின் சங்கிலியும் கழுத்திலேயே இருக்கும். இந்த யோசனையைக் காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் எடுத்து ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.