ஊர்ந்து செல்லும் வீட்டின் மின்சாரம்

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, விளக்கு ஆகிய அனைத்தையும் தாங்கி ஓடும் மோட்டார் வண்டியைக் 'கேரவன்' என்கிறோம். திரைப்படக் கலைஞர்களால் நமக்கு அறிமுகமான இவ்வண்டியை இன்று குடும்பங்களும் வாடகைக்கு அமர்த்திப் பயணம் செய்கின்றன. இப்பயணத்தில் மிகுந்த தொல்லை விளைவிப்பது பாட்டரி. நாம் பட்டு அறிந்ததை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

ஒரு பங்குனி மாதத்தில், தில்லிவாழ் தமிழ்க் குடும்பத்தினர் சிலர் இத்தகைய வண்டியில் இராஜஸ்தானம் சென்றோம். உடன் வந்த பெரியவர் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய மருந்துப் புட்டிகள் வண்டியின் குளிர்பெட்டியில் இருந்தன. பகல் முழுதும் வண்டி ஓடியும், முதல் இரவிலேயே விளக்குகள் மங்கின, குளிர்பெட்டி நின்றது. வண்டிக்கு உரியவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். அஜ்மீரில் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினோம். மறுநாள் இரவு அதுவும் ஓய்ந்தது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் தம் குளிர்பெட்டியில் புட்டிகளை வைத்துக்கொள்ள இசைந்திராவிடில், எங்கள் நிலை இரங்கத்தக்கதாகியிருக்கும்.

ஜோத்பூரில்தான் உண்மை விளங்கிற்று. அதனைக் கூறுமுன், இவ்வண்டியின் மின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

இதில் பாட்டரிகள் இரண்டு. எஞ்சினைக் கிளப்புவது ஒன்று. வீட்டுக் கருவிகளை இயக்குவது மற்றொன்று. எஞ்சின் ஓடுகையில் ஆல்டர்னேட்டர் இரண்டிற்கும் மின்சாரம் ஊட்டுகிறது. இடையே உள்ள ரிலே, எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும். ஆகவே இரவில் நாம் எவ்வளவு செலவிட்டாலும் காலையில் வண்டி கிளம்பும்.

இனிச் சோதனைக்கு வருவோம். வேண்டுவது சிறியதொரு வோல்ட் மீட்டர். கருவிகளை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நிறைந்த ஈயப் பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே சென்றால் பெரும்பாலும் தீர்ந்தது எனலாம். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு இரு பாட்டரிகளையும் அளக்க வேண்டும். முன் பாட்டரியில் 13.8 முதல் 14.4 வரை ஏறாவிடில், பழுது ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். முன்னது ஏறிப் பின்னது ஏறாவிடில், பழுது இடைவழியில் உள்ளது. இரண்டும் ஏறியும் விடிவதற்குள் தீர்ந்தால், அப்போதுதான் பாட்டரியின் முதுமையையோ நம் செலவையோ ஐயுற வேண்டும்.

ஜோத்பூர் மின் பணியாளர் செய்ததும் இதுவே. எஞ்சின் ஓடுகையில் முன் பாட்டரி 14.1 வோல்ட், பின் பாட்டரி 12.1. ப்யூஸையும் ரிலேயையும் பார்த்தார், குறையில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பின் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைத்தார். ஏறத்தாழச் சுழி காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட் காட்டியது. காணாமற்போன 2 வோல்ட் அங்கே கிடைத்துவிட்டது! 'எர்த்' கம்பியைப் பிணைத்த போல்ட்டின் அடியில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். பின் பாட்டரி உடனே ஏறத் தொடங்கிற்று. பழைய பாட்டரி குற்றமற்றது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

துருவைப் போலவே மெலிந்த கம்பியும் மின்னழுத்தத்தை விழுங்கும். 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போக 5 மீட்டர், வர 5 மீட்டர் எனச் செல்லுமாயின், 30 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே குறையும். அவ்வாறாயின் பாட்டரி நிறைய நெடுநேரம் ஆகும். மேலும், அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் எரிபொருள் சிக்கனம் கருதி ஆல்டர்னேட்டரே அழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளும். அவற்றிற்கு அழுத்தத்தை உயர்த்தித் தரும் தனிச் சார்ஜர் வேண்டும். லித்தியம் பாட்டரிகளோ தீரும் தறுவாய் வரையில் அழுத்தம் அதிகம் குறையாதவை. அவற்றின் இருப்பை வோல்ட் மீட்டர் கொண்டு கணித்தல் இயலாது.

எச்சரிக்கை சில உண்டு. பாட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பூட்டுகையில் அதனைக் கடைசியிலும் தொடுக. சார்ஜ் ஆகும் ஈயப் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுமாதலால் அருகில் தீக்குச்சியும் கூடாது. 230 வோல்ட் இணைப்பில் பழுது எனில், உரிமம் பெற்ற பணியாளரையே அழைத்தல் வேண்டும்.

நேயர்களே, வண்டியை ஏற்றுக்கொள்ளும் நாளிலேயே, உரியவர் அருகிருக்க, எஞ்சினை ஓடவிட்டு இரு பாட்டரிகளையும் அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. மருந்தை நம்பி ஒருவர் உடன் வருவாராயின், அதனை ஒருபோதும் தவிர்த்தல் ஆகாது.