ஈஸ்ட்டின் மரபேடு



ரொட்டி மாவை உப்பச் செய்வதும், பனஞ்சாற்றைக் கள்ளாக்குவதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் தொழில் என்பதை நீங்கள் அறிவீர்கள். உட்கரு பெற்ற உயிர்களுள் முதன்முதலாக, 1996-ஆம் ஆண்டில், இந்த ரொட்டி ஈஸ்ட்டின் மரபேடே முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. நான்கே வகை எழுத்துக்களாலான அவ்வேட்டின் நீளம் சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துக்கள். இன்று நான் பேச விரும்புவது, மனிதனைக் கொல்லவும் வல்ல வேறோர் ஈஸ்ட்டைப் பற்றி.

ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கிடைத்த அதற்கு 2009-ல் காண்டிடா ஆரிஸ் எனப் பெயரிட்டனர். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. சில ஆண்டுகளுக்குள் அது பல நாட்டு மருத்துவமனைகளில், நலிந்த நோயாளிகளின் இரத்தத்திலேயே காணப்பட்டது. ஃப்ளுகோனசோல் என்னும் மருந்துக்கு அது பெரும்பாலும் அடங்கவில்லை. பூஞ்சையின் உயிரணு நம் உயிரணுவைப் பெரிதும் ஒத்தது. ஆகவே நம்மை வருத்தாமல் அதை மட்டும் அழிக்கும் மருந்துகள் மிகச் சிலவே. அவையும் பயன்படாவிடில் மருத்துவர் என் செய்வார்?

பயணிகள் யாரேனும் இதை நாடு நாடாகச் சுமந்து சென்றனரா? இவ்வினாவுக்கு விடை தேடி, இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளில் கிடைத்தவற்றின் மரபேடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பெயர்த்தெழுதியவர் செய்த பிழைகளைக் கொண்டு, எந்தச் சுவடி எதன் வழிவந்தது எனப் புலவர்கள் காண்பார்கள் அல்லவா? அம்முறையே இதுவும். ஒரே வட்டாரத்து ஈஸ்ட்டுகளிடையே வேறுபாடு மிகச் சில எழுத்துக்களே. கண்டத்துக்குக் கண்டமோ பல்லாயிரம்! ஆகவே ஒரே வித்து அண்மையில் உலகெங்கும் பரவவில்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் பல இடங்களில் அது தனித்தனியே தலையெடுத்திருக்கிறது.

உலகம் வெப்பமுறுவதால், நம் உடற்சூட்டையும் தாங்க அது பழகியிருக்கலாம் என்ற கருத்து 2019-ல் எழுந்தது. இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பில் கிடைத்ததாக 2021-ல் இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தவற்றுள் ஒன்று, மருந்துக்கு அடங்குவதாகவும் உயர்ந்த வெப்பத்தில் மெதுவாக வளர்வதாகவும் இருந்தது.

இப்படிப்பால் நோயாளிக்கு என்ன பயன் என்பீர்கள். ஒரே எழுத்து மாறினாலும், மருந்து சென்று பற்றும் புரதத்தின் வடிவம் மாறக்கூடும். அத்தகைய மாற்றத்தை ஏட்டில் கண்டால், பயன் தரும் மருந்தைத் தெரிந்தெடுக்கலாம். அடுத்தடுத்த கட்டில்களில் உள்ள இருவரின் ஈஸ்ட்டுகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், நோய் அங்கேயே பரவுகிறது என்று பொருள். அப்போது கைகளையும் கருவிகளையும் தூய்மை செய்வதே முதல் மருந்து. நுட்பமான இவ்வாராய்ச்சி, எளிய அக்கடமையையே நமக்கு நினைவூட்டுகிறது.