மீன் எண்ணெயும் ஒவ்வாமை நோயும்

(பெருமுக்கல்லில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையையும் குடிநீரையும் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று மீனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சென்ற கிராம சபையில் ஓர் அம்மையார் எழுந்து, "என் மகளுக்கு இது ஆறாவது மாதம். மூத்த பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த பிள்ளைக்கு வராது என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா?" என்று வினவினார். கடன் வாங்கிச் செய்ய வேண்டிய காரியம்தானா என்று தெரியாமல் விடை கூறலாகாது. ஆகவே நூல்களைப் பார்த்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இழுப்பு, காணாக்கடி, கரப்பான், ஓயாத தும்மல் ஆகியவற்றுள் பல ஒவ்வாமையால் விளைவன. நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. திருடனைப் பிடிக்க வைத்த காவற்காரன் வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் தடியால் அடித்தால் என்ன ஆகும்? தூசி, மகரந்தம், முட்டை போன்ற தீங்கற்ற பொருள்களைப் பகையென்று கருதி அப்படை பாய்வதே ஒவ்வாமை. அப்போது சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளையும் லூக்கோட்ரைன் என்ற பொருள்களையும் வெளிவிடுகின்றன. முன்னது தோலைத் தடிக்கச் செய்கிறது. பின்னவை மூச்சுக் குழாயை இறுக்குகின்றன.

இந்த லூக்கோட்ரைன் எதிலிருந்து உண்டாகிறது என்பதில்தான் மீனுக்கு வேலை இருக்கிறது. நாம் உண்ணும் கொழுப்பின் கூறுகள் ஒவ்வோர் உயிரணுவின் மேலுறையிலும் போய்ச் சேர்கின்றன. சூரியகாந்தி எண்ணெய் முதலியவற்றில் மிகுந்துள்ள ஒமேகா-6 வகைக் கொழுப்பிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் உண்டாகிறது. லூக்கோட்ரைன் பிறப்பது அதிலிருந்தே. கடல் மீனின் கொழுப்பிலோ ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரு அமிலங்கள் உள்ளன. கடலிலுள்ள நுண்ணிய பாசிகள் இவற்றை ஆக்குகின்றன. அவற்றை உண்ணும் உயிர்களின் வழியாக மீனுக்கு வருகின்றன.

ஒரே செக்குக்கு இருவர் எள் கொண்டு வந்தால், ஒருவர் எள் ஆடும்வரை மற்றவர் காத்திருக்கத்தானே வேண்டும்? அதுபோல, அரக்கிடோனிக் அமிலத்தை மாற்றும் நொதிகளே இ.பி.ஏ.யையும் மாற்றுகின்றன. இ.பி.ஏ. மிகுந்திருந்தால் அவ்வேலையில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. அதிலிருந்து உண்டாகும் லூக்கோட்ரைன் வீரியம் குறைந்தது. இத்துறையில் அடிப்படை ஆராய்ச்சி செய்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் ஆகிய மூவருக்கும் 1982ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

ஏட்டில் இது பொருந்துகிறது. பிள்ளைகளிடம் பலித்ததா என்பதே கேள்வி. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் 736 கருவுற்ற மகளிரை இரு பிரிவாக்கி, 24ஆம் வாரம் முதல் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2.4 கிராம் மீன் கொழுப்பு அமிலமும், மற்றவர்க்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது தாய்மார்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2016இல் வெளியாயிற்று. பிள்ளைகள் மூன்று முதல் ஐந்து வயது அடைந்தபோது, மீன் எண்ணெய் உண்டவர் பிள்ளைகளில் நூற்றுக்கு 16.9 பேருக்கும், மற்றப் பிரிவில் 23.7 பேருக்கும் நீடித்த இழுப்போ ஆஸ்துமாவோ இருந்தது. தொடக்கத்திலேயே இரத்தத்தில் மீன் கொழுப்பு மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடையே இந்த வேறுபாடு இன்னும் பெரிது: நூற்றுக்கு 17.5, 34.1. ஆனால் கரப்பானில் பயன் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் 706 குழந்தைகளைக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் ஒவ்வாமை நோய்கள் மொத்தத்தில் குறையவில்லை. முட்டை ஒவ்வாமைக்கான அறிகுறியும் ஒருவகைக் கரப்பானும் மட்டும் குறைந்திருந்தன. நோய் வந்துவிட்ட பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலோ ஒருசீரான பலன் இல்லை. ஆகவே இழுப்பு உள்ளவர் எவரும் மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை நிறுத்திவிட்டு மீன் எண்ணெயை நம்பலாகாது. இதை அழுத்திச் சொல்லுகிறேன். மூச்சு நின்று போகும் விஷயம்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு என் கருத்து இது: கடன் வேண்டாம். எக்கியார்குப்பத்திலும் அழகன்குப்பத்திலும் வாரம் பல நாள் மீன் உண்ணும் தாய்க்கு மாத்திரையால் கூடுதல் பயன் இருக்குமென்று எதிர்பார்க்க இடமில்லை. மேட்டு நிலத்தில், மாதம் ஒரு முறைகூட மீன் உண்ணாத வீட்டுத் தாய்க்குப் பயன் இருக்கக்கூடும். அவர் முதலில் வாரம் இரு முறை மீன் குழம்பு உண்ணட்டும். மாத்திரை வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சொல்லட்டும். மீன் உண்ணாத குடும்பத்தார் ஆளி விதையைக் கேட்பார்கள். அதில் இருப்பதும் ஒமேகா-3தான். எனினும் உடல் அதில் மிகச் சிறு பகுதியையே இ.பி.ஏ.யாக மாற்றுகிறது.

எந்த மீன் என்பீர்கள். விலையுயர்ந்த வஞ்சிரத்தைத் தேட வேண்டியதில்லை. மத்தி, கவலை, கானாங்கத்தை, நெத்திலி என்று நாம் மலிவாக மதிக்கும் மீன்களே இதில் முன் நிற்கின்றன. எண்ணெய் மத்தி முன்பு மலையாளக் கரைக்கே உரியதாக இருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் சோழமண்டலக் கரையிலும் பெருவாரியாக அகப்படுகிறது. பெரிய சுறாவைக் கருவுற்றோர் விலக்குவது நலம். பல்லாண்டு வாழும் பெருமீனின் உடலில் பாதரசம் சேர்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காட் மீன் ஈரல் எண்ணெய் வரவு நின்றபோது, அன்றைய சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. அது வைட்டமின் ஏ சத்துக்காகக் கொடுக்கப்பட்டது. இப்போது நாம் பேசுவது மீனின் உடற்கொழுப்பு. ஈரல் எண்ணெயைக் கருவுற்றோர் தாமாக வாங்கி உண்ணலாகாது. வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குக் கேடு. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பத்தினி குடும்பத்தார் ஆஸ்துமாவுக்கென்று உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்து வைத்து விழுங்கச் செய்கிறார்கள். நம் பக்கத்திலிருந்தும் இரயிலேறிப் போகிறவர்கள் உண்டு. அது வேறு, அதற்கு ஆய்வுச் சான்றும் இல்லை.

இனி, ஊராட்சிக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். கரப்பான் உள்ளவர்க்குக் கருவாடு ஆகாது என்று பெரியோர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கானாங்கத்தை, சூரை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து மிகுதி. மீன் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. காவற்படை வெளிவிடும் அதே பொருளை நாம் தட்டிலேயே வைத்து உண்கிறோம்! முகம் சிவக்கிறது, உடம்பு தடிக்கிறது, தலை வலிக்கிறது. பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதி வீட்டார் மீனையே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அது கெட்ட மீனின் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மெய்யான மீன் ஒவ்வாமை சிறிதளவு மீனுக்கும் ஒவ்வொரு முறையும் வருவது. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் மீன் எண்ணெயையும் தொடலாகாது.

மத்தியைக் காற்றுப்பட உலர்த்தினால் அதன் நல்ல கொழுப்பும் சிக்கெடுத்து வீணாகிறது. மரக்காணத்து உப்புக்குக் குறையில்லை, குறைவது பனிக்கட்டி. கரையில் ஏற்றிய கூடை இங்கு வந்து, மரத்தடியில் நண்பகல்வரை வெயிலும் கல்லுடைக்கும் தூசியும் படக் காத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலமாகிய 61 நாட்களில் வெளியூர் மீன் இன்னும் நாட்பட்டு வருகிறது.

மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டி வேண்டும். அதற்கு ஒரு பனிப்பெட்டி, நிழற்கூரை, சிமெண்டு மேடை, கழுவ ஒரு குழாய், கழிவு நீர் போக ஒரு வாய்க்கால் ஆகியவை போதும். மீன் விற்கும் பெண்களையும் உடன் வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் வராத இடத்தில் கட்டிய மேடையில் மாடு படுத்துக்கொள்ளும். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குள் எழுதி அனுப்பினால், மதிப்பீட்டைத் தயாரிக்கப் பொறியாளரை அனுப்பி வைக்கிறேன்.