ஊர்ப் படக்கலைஞரும் ஒளித்திரையும்



அகப்பாடலின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இல்லை. ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறினால் அப்பாடல் அன்பின் ஐந்திணைக்குள் அடங்காது என்பது தொல்காப்பிய நெறி. வேலில் பாண்டியரின் வேம்பு சுட்டப்பட்டமையால் நெடுநல்வாடையையே புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். புறப்பாடலோ பெயரை நாடி நிற்பது. பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை எனப் புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணப்படும் குறிப்புகளை நீக்கிவிட்டால், பாடல் எவருடைய போரைப் பேசுகிறது, எவருடைய வறுமையைப் பேசுகிறது என்பது பல இடங்களில் விளங்காமற் போகும்.

செய்தித்தாளில் வெளிவரும் நிழற்படமும் புறத்திணையைச் சார்ந்ததே. அதன் கீழ் அச்சாகும் இரண்டு வரிக் குறிப்பு, புறப்பாட்டின் அடிக்குறிப்பைப் போன்றது. ஊர்ச் செய்தித்தாளின் நிழற்படக் கலைஞர் இவ்வகையில் தனிச் சிறப்புடையவர். தொலைவிலிருந்து வந்து, போரையோ வெள்ளத்தையோ படமெடுத்துத் திரும்புபவர் அல்லர் அவர். எவரைப் படமெடுத்தாரோ அவரை மறுநாள் அதே தெருவில் சந்திக்க வேண்டியவர்.

இத்தகைய கலைஞர்களின் பணியைத் தொலைக்காட்சி சிறப்பு நிகழ்ச்சிகளாகவும் ஆவணப்படங்களாகவும் காட்டி வந்துள்ளது. அவற்றின் நன்மை தீமைகளை ஆராயும்போது முதற்கண் எழும் வினா ஒன்று உண்டு. நிழற்படம் நிற்பது, தொலைக்காட்சி ஓடுவது. ஓடும் ஊடகம் நிற்கும் படத்தை எவ்வாறு தாங்கும்?

இவ்வினாவுக்குப் பிரான்சு நாட்டில் 1983ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. திரைப்பட இயக்குநர் ஆனியெஸ் வர்தா நிழற்படக் கலைஞராகத் தொழில் தொடங்கியவர். 'ஒரு படத்திற்கு ஒரு நிமிடம்' என்னும் பொருள்படும் தலைப்பில் 170 குறும்படங்களை அவர் உருவாக்கினார். எஃப்.ஆர்.3 தொலைக்காட்சி அவற்றை ஒளிபரப்பியது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே படம். முதலில் சிறிது நேரம் மௌனம். பின்னர் அப்படத்தைப் பார்க்கும் ஒருவரின் குரல். பேசியவர் யார், படமெடுத்தவர் யார் என்பதை இறுதியிலேயே பார்வையாளர் அறிவர். பெயரின் புகழ் கண்ணை மறைக்காதிருக்க வேண்டும் என்னும் கருத்து இவ்வமைப்பில் வெளிப்படுகிறது. ஓடும் திரையும் நிற்கக்கூடும் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தது. எனினும் அங்கே முதன்மை பெற்றது பார்ப்பவரின் உள்ளம். படத்தில் இருப்பவரின் வரலாறு அதன் நோக்கம் அன்று. அவ்வளவில் அது அகத்தின் பக்கம் சாய்ந்த கலை.

புறத்தின் தேவையை உணர்த்துவது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். அங்கே 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்னும் கறுப்பின மக்களின் செய்தித்தாளுக்காக, 1930களின் பிற்பகுதி முதல் 1975 வரை படமெடுத்தவர் சார்லஸ் 'டீனி' ஹாரிஸ் (1908–1998). அந்நகரத்தின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியே அவருடைய உலகம். திருமண வீடு, தேவாலயம், பேஸ்பால் ஆட்டம், இசை விடுதி, மறியல், பள்ளிச் சிறுவர் எனக் காட்சிக்கு ஒரே சொடுக்கில் படமெடுத்து முடிப்பது அவர் வழக்கம். அதனால் நகரத் தலைவர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பெயரிட்டார். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு 2001ஆம் ஆண்டில் கென்னத் லவ் இயக்கிய ஆவணப்படம் வெளிவந்தது.

அவர் படமெடுத்த ஊர் இன்று அவ்வாறே இல்லை. நகர்ப்புறச் சீரமைப்பு என்னும் பெயரில் 1950களில் ஹில் டிஸ்ட்ரிக்டின் கீழ்ப்பகுதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் குடிபெயர்க்கப்பட்டனர். அங்கே 1961இல் திறக்கப்பட்ட பேரரங்கமும் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. தெரு அழிந்த பின் தெருவுக்குச் சான்றாக எஞ்சியவை ஹாரிஸின் படச்சுருள்களே. அவையும் எளிதில் பிழைக்கவில்லை. பிறர் கையில் சிக்கியிருந்த தம் படங்களை மீட்க முதுமையில் வழக்குத் தொடுத்தார் அவர். அவர் மறைந்த பின்னரே அவை குடும்பத்தாரிடம் மீண்டன. 2001இல் கார்னகி கலை அருங்காட்சியகம் ஏறத்தாழ 80,000 எதிர்மறைப் படங்களைப் பெற்றது.

பெற்ற பின்னரே பெருங்குறை புலப்பட்டது. பெரும்பாலான படங்களுக்குக் குறிப்பு இல்லை. முகம் இருந்தது, பெயர் இல்லை. அருங்காட்சியகத்தார் 2003 முதல் படங்களை ஊர் மக்கள் முன் வைத்து, இவர் யார், இவ்விடம் எது என்று வினவினர். முதியோர் வந்து பார்த்துத் தம் உறவினரையும் அண்டை வீட்டாரையும் இனங்கண்டு கூறினர். இழந்த தெருவின் பெயர்களை அத்தெருவில் வாழ்ந்தோரே எழுதுவித்தனர். அடிக்குறிப்பு இல்லாத புறப்பாடல்களுக்கு அவற்றைக் கேட்டோரே குறிப்பு எழுதியதற்கு இதனை ஒப்பிடலாம். இப்பணிக்குக் கால எல்லை உண்டு. அடையாளம் காட்ட வல்லவர் ஒருவர் மறையுந்தோறும் சில முகங்கள் பெயரை நிரந்தரமாக இழக்கின்றன.

அவ்வாறாயின் பெயரைக் கூறுவது எப்பொழுதும் நன்மையே என்று முடிவு செய்யலாமா? மெம்ஃபிஸ் நகரம் அம்முடிவைத் தடுக்கிறது.

எர்னஸ்ட் விதர்ஸ் (1922–2007) மெம்ஃபிஸின் பீல் தெருவில் படக்கூடம் நடத்தியவர். எம்மெட் டில் என்னும் சிறுவனின் கொலை வழக்கு விசாரணையை 1955இல் படமெடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் மான்ட்கமரி நகரப் பேருந்தில் சமஉரிமையுடன் பயணம் செய்ததை 1956இல் படமெடுத்தார். 1968 பிப்ரவரி 1 அன்று எக்கல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு துப்புரவுத் தொழிலாளர் குப்பை வண்டியின் பொறியில் நசுங்கி இறந்தனர். அதன்பின் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மார்ச் 28 அன்று கிளேபார்ன் கோயிலின் முன் அணிவகுத்த அவர்கள் கையிலிருந்த அட்டைகளில் எல்லாம் 'நான் ஒரு மனிதன்' என்னும் ஒரே வாசகம். விதர்ஸின் படங்களுள் உலகப் புகழ் பெற்றது இது. படத்தின் தலைப்பில் தொழிலாளர் என்னும் பொதுச்சொல் உண்டு; ஒருவர் பெயரும் இல்லை. அக்கோயில் 2025 ஏப்ரலில் தீக்கிரையாயிற்று.

விதர்ஸ் மறைந்து மூன்றாண்டு கழித்து, 2010இல், அவர் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தந்து வந்தவர் என்பதை மெம்ஃபிஸின் 'கமர்ஷியல் அப்பீல்' நாளிதழ் வெளிப்படுத்தியது. இயக்கத்தினரின் படங்களை மட்டுமன்றி, படத்தில் இருப்பவர் இன்னார் என்பதையும் அவர் தெரிவித்திருந்தார். பிட்ஸ்பர்க்கில் மீட்பாக அமைந்த அதே செயல் இங்கே காட்டிக்கொடுத்தலாயிற்று. ஊரார் தம்மவரை நினைவுகூரப் பெயர் கூறுவது வேறு. ஆட்சியாளரின் கோப்பில் சேரப் பெயர் கூறுவது வேறு.

பில் பெர்ட்டெல்சன் இயக்கிய 'தி பிக்சர் டேக்கர்' என்னும் ஆவணப்படம் 2022இல் வெளிவந்தது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் 'இண்டிபெண்டன்ட் லென்ஸ்' வரிசையில் 2023 ஜனவரியில் அது ஒளிபரப்பாயிற்று. கலைஞரைப் போற்றும் நிகழ்ச்சி அவருடைய களங்கத்தை மறைத்திருக்கலாம். களங்கத்தை மட்டும் காட்டிப் பரபரப்பும் ஊட்டியிருக்கலாம். இப்படம் இரண்டையும் செய்யவில்லை. படங்களின் பெருமையையும் கோப்புகளின் கசப்பையும் அருகருகே வைத்து, அவரை அறிந்தோரைப் பேசவிடுகிறது. தீர்ப்பு பார்வையாளரிடம் விடப்படுகிறது.

இம்மூன்று சான்றுகளும் தொலைக்காட்சிக்கு மூன்று கடமைகளை உணர்த்துகின்றன. படத்தின் முன் நிற்கப் பொறுமை வேண்டும். படத்தில் உள்ளோரின் பெயரை, அவர்களுக்கு உரியோர் வாயிலாகவே பெற வேண்டும். படமெடுத்தவரைப் பற்றிய உண்மையை, அது இனிப்பினும் கசப்பினும், கூற வேண்டும். இவை இல்லாதபோது, சோக இசையும் அறிவிப்பாளரின் உருக்கமான குரலும் சேர்ந்து, தனி மனிதர் ஒருவரின் முகத்தை 'வறுமை' என்றும் 'துயரம்' என்றும் பொதுப்பெயராக்கிவிடுகின்றன. பெயர் சுட்டாமை அகப்பாடலுக்கு அழகு. செய்திப் படத்தில் உள்ளவருக்கோ அது இரண்டாம் இழப்பு.

கவிஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாளிதழில் கண்ட முகத்தைக் கவிதையாக்குவோர் இன்று பலர். மீனவப் பெண், கல்லுடைக்கும் சிறுவன், வெள்ளத்தில் நிற்கும் முதியவர் எனப் பொதுப்பெயரால் அவர்களைப் பாடுவது எளிது. பாடுமுன் படத்தின் அடியிலுள்ள குறிப்பைப் படித்தல் நன்று. குறிப்பில் பெயர் இல்லையெனில், அவர் யார் என்று கேட்டறிய முயல்வதும் பாடுவோரின் பணியில் ஒரு பகுதியே. அறிந்த பெயரைப் பாடலில் இடுவதா, அவர் நலன் கருதி விடுப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். அறிந்து விடுப்பதற்கும் அறியாமல் விடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்வட்டத்துக் கவிஞர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.