ஐப்பசிக்கு முன்னால் அடுப்படி



நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. "தோட்டம் போடுறது, வத்தல் போடுறதைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. எல்லார் வீட்டுலயும் செய்யுறதுதானே, இதுல பேச என்ன இருக்குன்னு நினைச்சேன். அப்புறம் எங்க குழுவோட கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பேச வேண்டியது நிறைய இருக்கு.

வேதாரண்யம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. தை, மாசியில ஆரம்பிச்சு மழை வர்ற வரைக்கும்தான் உப்பளத்துல வேலை. ஐப்பசி மழை இறங்கிட்டா பாத்தியெல்லாம் தண்ணி, கூலி நின்னுடும். காய்கறி விலை ஏறுறதும் அந்த நேரத்துலதான். எங்க பேரேட்டுல ஐப்பசி, கார்த்திகையில கொடுத்த கடனுக்கு நேரா பாதிக்கு மேல "வீட்டுச் செலவு"ன்னுதான் எழுதியிருக்கு. ஆடு வாங்க எடுத்த கடன் கொட்டில்ல ஆடா நிக்கும். குழம்புக்கு எடுத்த கடன் எங்கே நிக்குது? கார்த்திகையில சாப்பிட்ட கத்தரிக்காய்க்கு மாசி வரைக்கும் வட்டி கட்டுறோம். இதைக் கொஞ்சமாவது குறைக்கணும்னுதான் சொல்றேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடிச்சதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ரோடெல்லாம் மரம், கடை கிடையாது, கரண்ட் கிடையாது. எதிர்வீட்டுல பிரிட்ஜ்ல வச்சிருந்தது ரெண்டாம் நாளே நாறிடுச்சு. எங்க மாமியார் அடுப்படி மூலையில துணி கட்டி வச்சிருந்த ஜாடியைத் திறந்தாங்க. கொத்தவரை வத்தல், சுண்டைக்காய், உப்பு நார்த்தங்காய். கஞ்சிக்கு அதுதான். எங்க வீட்டுக்கு மட்டுமில்ல, பக்கத்து மூணு வீட்டுக்கும் அஞ்சாறு நாள் ஓடுச்சு.

புரட்டாசியில பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்னு சொல்லுவாங்க. அந்தக் காயுற வெயில்தான் நமக்குக் கடைசி வாய்ப்பு. ஆடியில ஊனின கொத்தவரை அப்போ காய்க்கும். முத்தாத காயாப் பறிச்சு, காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சத்தூளும் போட்ட தண்ணியில அரைவேக்காடா வேகவச்சு வடிச்சுப் பாயில பரப்பணும். ஒரு கிலோ காய் கால் கிலோ கூட தேறாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழம்புக்கு ஒரு பிடி போதும். சுண்டைக்காயைத் தட்டி, விதை போக அலசி, உப்பு மோர்ல ஊறவச்சுக் காயவைக்கணும். மிளகாயைக் கீறி மோர்ல போட்டு, பகல்ல வெயில், ராத்திரி திரும்ப அதே மோர். மோர் வத்துற வரைக்கும் இப்படியே. மணத்தக்காளி காசு கொடுத்து வாங்குறதா? கொல்லையில தானா முளைக்கிறதைக் களைன்னு பிடுங்காம விட்டாலே போதும்.

காஞ்சுதான்னு எப்படிப் பார்க்கிறது? மடக்குனா வளையக் கூடாது, ஒடியணும். மோர் மிளகாயை ஆட்டினா உள்ளே விதை கலகலக்கணும். இதைவிட முக்கியமானது, வெயில்ல இருந்து எடுத்த சூட்டோட டப்பாவுல அடைக்கக் கூடாது. மூடிக்கு உள்ளே வேர்த்து, பத்தே நாள்ல பூஞ்சணம் பிடிக்கும். நிழல்ல ஆறவச்சுக் கட்டுங்க. பிளாஸ்டிக் கவரை விட ஜாடி நல்லது. ஈரக்கையை உள்ளே விடாதீங்க. மழைக்கு நடுவுல ஒருநாள் வெயில் அடிச்சாலும் வெளியே எடுத்து ஒரு காட்டு காட்டணும்.

எல்லாத்தையும் காயவைக்கணும்னும் இல்லை. பூசணியை நல்லா முத்தவிட்டு, காம்போட அறுத்து உறியில தொங்கவிட்டா தை வரைக்கும் கெடாது. காம்பு ஒடிஞ்ச காயை மட்டும் முதல்ல சமைச்சுடுங்க. சேனையைத் தை வரைக்கும் மண்ணே பாத்துக்கும், தண்ணி நிக்காத மேட்டுல போட்டிருந்தா சரி.

பிரஷர் இருக்கிறவங்க வத்தலை எண்ணெயில பொரிச்சு அப்படியே கடிச்சுக்கக் கூடாது. எங்க ஊருக்கு வர்ற நர்ஸம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. வெந்நியில ஊறவச்சுப் பிழிஞ்சு குழம்புல போடுங்க, குழம்புக்கு உப்பைக் குறைச்சுடுங்க.

பாக்கெட் போட்டு விக்கலாமேன்னு ஒரு குழுவுல கேட்டாங்க. விக்கலாம், தப்பில்லை. ஆனா வீட்டுப் பிள்ளைங்களுக்கு இல்லாம வித்துட்டு, அந்தக் காசுல கார்த்திகையில காய் வாங்குறது எனக்குச் சரியாப் படலை. மிச்சம் இருந்தா விப்போம். இன்னொண்ணு, "வீட்டுல சும்மாதான் இருக்கா"ன்னு சொல்ற ஆம்பளைங்களை ஒருநாள் காக்கா விரட்ட மாடியில உக்கார வைங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு மணி நேரத்துல இறங்கி வந்துட்டார்.

ஆடி போயிடுச்சேன்னு அவரையை விட்டுடாதீங்க. ஆவணி பாதிக்குள்ள ஊனினாலும் பனி விழ ஆரம்பிக்கிறப்போ பூ வச்சுடும், மார்கழி, தையில பந்தல் நிறையக் காய்க்கும். போன வருஷத்து விதையைச் சாம்பல்ல புரட்டி வச்சிருந்தேன். குழுவுக்கு ஒரு பொட்டலம் மடிச்சுக் கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுப் பந்தலுக்குப் போறதுக்கு முன்னாடி ஊக்குநர்கள் என்கிட்ட வந்து வாங்கிக்குங்க. தையில முத்தின காய்ல இருந்து அதே அளவு விதையைக் கூட்டமைப்புக்குத் திருப்பிக் கொடுக்கணும். வட்டி கிடையாது.