பாதி வழியில நிக்குற பார்

இன்னைக்கு நான் அசிங்கப்பட்ட ஒரு கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

தொண்டியில விடியக்காலை அஞ்சரை மணி. ஜிம்மைத் திறந்துவிட்ட தம்பி டீ குடிக்கப் போயிட்டான். உள்ளே நான் மட்டும்தான். பெஞ்ச் பிரஸ், 80 கிலோ. எட்டு மாசமா அந்த 80 எனக்கு மசியல. பார் நெஞ்சைத் தொட்டுது, ஒரு சாண் மேல வந்துது, அங்கேயே நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. கை நடுங்க ஆரம்பிச்சதும் மெதுவா இறங்கி நெஞ்சு மேல உக்காந்துடுச்சு. ரெண்டு பக்கமும் கிளிப் போட்டிருந்தேன். சாய்ச்சு பிளேட்டைக் கீழ தள்ளவும் வழியில்ல. வயித்து வழியா உருட்டி, இடுப்புக்குக் கொண்டுவந்து, ஒரு மாதிரி எழுந்து உக்காந்தேன். ஒரு வாரம் விலாவுல கன்னிப்போன தழும்பு. இன்னும் பத்து கிலோ கூட இருந்திருந்தா, இல்ல பார் கழுத்துப் பக்கம் விழுந்திருந்தா, இந்த எபிசோட் இருந்திருக்காது.

அப்போ எல்லாரும் சொன்னது, "மச்சான், மனசு வைக்கல நீ." நானும் நம்பினேன். அது தப்பு.

பார் நிக்கிற அந்த இடத்துக்குப் பேரு ஸ்டிக்கிங் பாயிண்ட். பெஞ்ச்ல நெஞ்சுக்குக் கொஞ்சம் மேல, ஸ்குவாட்ல தொடை தரைக்கு இணையா இருக்கிறதைத் தாண்டினதும், டெட்லிஃப்ட்ல பலருக்கு முட்டிக்கிட்ட. ஒரு குடம் தண்ணியை இடுப்போட ஒட்டிப் பிடிங்க, சுலபம். அதையே கையை நீட்டிப் பிடிங்க, அரை நிமிஷம் தாங்காது. எடை மாறல, மூட்டுக்கும் எடைக்கும் உள்ள தூரம்தான் மாறிச்சு. ஒவ்வொரு லிஃப்ட்லயும் இந்த நீட்டின கை மாதிரி ஒரு உயரம் இருக்கு. இதோட இன்னொண்ணு சேருது: கீழ இறங்கும்போது தசை ரப்பர் மாதிரி இழுபட்டு, மேல வர முதல் உந்தலைக் கொடுக்கும். கஷ்டமான இடத்துக்கு வரும்போது அந்த உந்தல் தீர்ந்துபோயிருக்கும்.

நம்ம சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கோங்க, வேலூர்க்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல தங்கம். ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179. கிளீன்ல பாரை நெஞ்சு மேல வாங்கி, அடிவரைக்கும் குந்தி, அங்கிருந்து எழணும். பளுதூக்குறவங்க அந்த அடியில சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க. இறங்கின துள்ளல் அடங்குறதுக்குள்ள எழும்பிடுவாங்க. 2018 கோல்ட் கோஸ்ட்ல தொடைக் காயத்தோட போய், 317 கிலோ தூக்கி மறுபடி தங்கம் வாங்கினாரு. அந்தத் தொடையை வச்சுக்கிட்டுத்தான் 173-ஐ நெஞ்சுல வாங்கி எழுந்திருக்காரு. வீடியோவைப் பாருங்க.

எனக்கு இது புரிஞ்சது ஜிம்ல இல்ல, கடற்கரையில. புயல் எச்சரிக்கை வந்தா இங்க வள்ளத்தைக் கரையேத்துவாங்க. மிதக்கிற வரைக்கும் முழு எடையையும் தண்ணி சுமக்குது. தண்ணி விட்டு மணல் தொடங்குற இடத்துலதான் சனியன். நான் ஒருதடவை கை கொடுக்கப் போனப்ப, ஒரு மாமா கத்தினாரு: "தம்பி, மணல்ல வந்து மூச்சு வாங்காதே, தண்ணியிலயே வேகம் புடி!" எட்டு மாசமா நான் மாட்டின இடத்தையே திட்டிக்கிட்டிருந்தேன். வேகத்தை அதுக்கு முன்னாடியே விட்டுட்டேன்.

அதனால முதல் வேலை, எடையைக் குறைச்சேன். 60 கிலோ, மூணு மூணா ஆறு செட். கட்டுப்பாடா இறக்கி, நெஞ்சை விட்டு எவ்வளவு வேகமா தள்ள முடியுமோ அவ்வளவு. பார்க்க ரொம்பச் சாதாரணமா இருக்கும், பக்கத்துல இருக்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ரெண்டாவது விஷயம் இளவட்டக்கல்கிட்ட கத்துக்கிட்டது. தென் மாவட்டக் கிராமங்கள்ல பார்த்திருப்பீங்க, உருண்டையா, வழவழன்னு, பிடிக்கக் கைப்பிடியே இல்லாத கல். கல்யாணக்கல்னும் சொல்லுவாங்க, தூக்கினவனுக்குத்தான் பொண்ணுன்னு ஒரு பேச்சு உண்டு. நெல்லைப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்குப் போட்டியே நடக்குது, பொண்ணுங்களும் தூக்குறாங்க. (பொண்ணுங்க தூக்கினா என்ன பரிசுன்னு அந்தப் பழைய பேச்சுல யாரும் யோசிக்கல.) அவங்க தூக்குற விதத்தைக் கவனிங்க. தரையில இருந்து நேரா தோளுக்குப் போறதில்ல. முதல்ல தொடை மேல ஏத்துறாங்க. அங்க குந்தினபடி கல்லை அணைச்சு, பிடியை மாத்தி, மூச்சை இழுத்துக்கிட்டு, அப்புறம் நெஞ்சுக்கு, தோளுக்கு, அங்கிருந்து பின்னால போடுறாங்க. அதாவது கஷ்டமான இடத்துல கல்லுக்கு ஒரு திண்ணை போட்டு வச்சிருக்காங்க.

பாருக்கு அந்தத் திண்ணை கிடையாது. நாம செஞ்சுக்கணும். பவர் ரேக்ல குறுக்குக் கம்பியை, பார் நிக்கிற அதே உயரத்துல வைங்க. பாரை அது மேல படுக்க வச்சு, அசைவே இல்லாம அங்கிருந்து தள்ளுங்க. துள்ளல் கிடையாது, ஏமாத்த முடியாது. மூணு ரெப், நாலு செட், வாரத்துக்கு ஒருதடவை போதும். ஒரு கோணத்துல வளர்க்கிற பலம் பெரும்பாலும் அந்தக் கோணத்துக்குப் பக்கத்துலதான் கிடைக்கும். அதனால உயரத்தைக் குத்துமதிப்பா வைக்காதீங்க. பக்கவாட்டுல போனை வச்சு வீடியோ எடுங்க. என் பார் நெஞ்சுக்கிட்ட நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வீடியோவுல பார்த்தா இன்னும் நாலு விரல் மேல.

டெட்லிஃப்ட் முட்டிக்கிட்ட நின்னா, எடையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பார் காலை விட்டு முன்னால விலகிப் போகுதான்னு பாருங்க. நீட்டின கையில பிடிச்ச குடம்தான் அது.

இன்னொண்ணு, தனியா பெஞ்ச் போடுறவங்களுக்கு. ரேக்குக்குள்ள போடுங்க, குறுக்குக் கம்பி நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழ, ஆனா கழுத்துக்கு மேல இருக்கட்டும். ரேக் இல்லன்னா ஆள் வர்ற வரைக்கும் பெரிய எடை வேண்டாம். வேற வழியே இல்லாத நாள்ல கிளிப் போடாதீங்க. கட்டைவிரல் பாரைச் சுத்தி இருக்கணும். ஒவ்வொரு வாரமும் அதிகபட்சத்தைச் சோதிச்சுப் பார்க்காதீங்க. நான் அதைத்தான் எட்டு மாசம் செஞ்சேன்.

பதினோராவது வாரம் 80 போச்சு. தம்பி பக்கத்துலயே நின்னான், அவன் டீயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்த நாலு விரல் உயரத்துல பார் இன்னும் மெதுவாகத்தான் செய்யுது. இப்போ 85 போடுறேன், அங்கேயே.

அடுத்த எபிசோட்ல டெட்லிஃப்ட்ல பிடி நழுவுறதைப் பத்திப் பேசலாம்.